தானே கற்ற கலைஞரின் படைப்பு எப்படி வெளியே வருகிறது?

கேள்வி இது: "எங்கள் பெரியப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியமோ சிற்பமோ யாரிடமும் படித்ததில்லை. பல வருடங்களாக மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் உடைந்த பீங்கான், பழைய இன்சுலேட்டர், கம்பி, சிமெண்ட் இவற்றை வைத்து மனிதர்களும் மிருகங்களுமாகச் செய்து நிறுத்திக்கொண்டே இருக்கிறார். ஊரில் கிறுக்கு என்கிறார்கள். எனக்கு அது அசாத்தியமாகப் படுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு அங்கீகாரம் எப்படிக் கிடைக்கிறது? திறமை இருந்தால் தானாக வந்துவிடுமா?"

தானாக வராது. இந்த வகைக் கலைஞர்களின் வாழ்க்கையை வெகு காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். இன்று நமக்குப் பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொரு ஆள் இருக்கிறார். அவர் வீட்டை வாடகைக்கு விட்டவராக இருக்கலாம், விமானப் பொறியாளராக இருக்கலாம், ஐ.சி.எஸ். அதிகாரியாக இருக்கலாம். படைப்பு குப்பை வண்டியில் ஏறாமல், புல்டோசரின் கீழ் போகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். விமர்சகர், அருங்காட்சியகம், ஏல நிறுவனம் எல்லாம் அதற்குப் பத்து வருடமோ முப்பது வருடமோ கழித்துத்தான் வருகின்றன. வரும்போது பார்ப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னுடைய பதிலின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இது எப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்று விவரமாகத் தெரிந்தால் உங்கள் பெரியப்பா விஷயத்தில் உங்களுக்கு உதவும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நேக் சந்த் நினைவுதான் வந்தது. 1924-இல் பிறந்தவர். அவருடைய கிராமம் பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட, குடும்பம் ஊரை விட்டு வந்தது. 1951-இல் சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் திட்டப்படி அந்தப் புதிய தலைநகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடந்ததை நேக் சந்த் 1950களின் பின்பாதியில் பொறுக்கத் தொடங்கினார். உடைந்த வளையல், பீங்கான் தட்டு, கழிப்பறைச் சாமான், ஓடு, மின்சாமான், சைக்கிள் சட்டம் என்று எதையும் விடவில்லை. ஆற்றுப் படுகைகளிலிருந்து விதவிதமான வடிவத்தில் கற்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கொண்டுவந்து சேர்த்த இடம் சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பள்ளம். எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அரசு நிலம். ஒரு அரசு ஊழியர் அங்கே ஒரு செங்கல் வைத்தாலும் குற்றம்தான். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையிலும் இரவிலும் அங்கே உட்கார்ந்து செய்தார். வெளிச்சத்துக்குப் பழைய டயர்களைக் கொளுத்திக்கொள்வார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சண்டிகரின் பூங்காக்களில் தனிமனிதர் சிலை எதையும் வைக்கக்கூடாது என்று கொர்பூசியே எழுதியே வைத்திருந்தார். அந்த நகரத்தின் ஓரத்தில், சட்டசபையும் தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் நிற்கும் அதே வட்டாரத்தில், பெயரில்லாத மனிதர்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றார்கள். தலையில் குடத்தோடு பெண்கள், வளையல் துண்டுகளால் உடுத்திய நாட்டியக்காரிகள், குரங்குகள், அரசவை, காவலர்கள். ஏறத்தாழ 18 ஆண்டுகள் இப்படியே போயிற்று.

இந்தக் கதையைப் பலரும் சொல்லும்போது "அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள், வியந்தார்கள், திறந்துவைத்தார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நடந்தது அப்படியல்ல. வெளியே தெரிவதற்கு முன்பே, நகரத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த எம்.என். சர்மாவுக்கு விஷயம் தெரியும். சட்டப்படி அவர் அதை இடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். சத்தம் போடாமல் தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 1970களில் விஷயம் வெளியே வந்து, இடிப்பதா விடுவதா என்ற பேச்சு எழுந்தபோது எம்.எஸ். ரந்தாவா உள்ளே வந்தார். ஐ.சி.எஸ். அதிகாரி, தாவரவியல் படித்தவர், சண்டிகரின் மரங்களைத் திட்டமிட்டவர், இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவியங்களைப் பற்றி விரிவாக எழுதியவர். நகரத்தின் நிலத்தோற்றக் குழுவின் தலைமையும் அவரிடம் இருந்தது. இதை இப்படியே வைத்திருக்க வேண்டும், கட்டடக்கலைஞர்களும் நகரத் திட்டக்காரர்களும் இதில் கை வைக்கக்கூடாது என்று அவர் பரிந்துரை செய்தார். அந்தப் பரிந்துரையை எப்போது நினைத்தாலும் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வருகிறது. பார்க்கத் தெரிந்த கண்ணும் கையெழுத்துப் போடும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருப்பது எவ்வளவு அபூர்வம்! நேக் சந்துக்கு அது வாய்த்தது.

1976-இல் அந்த இடம் பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்தை வேலையை விட்டு அனுப்பாமல், அந்தத் தோட்டத்துக்கென்றே உட்கோட்டப் பொறியாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, சம்பளமும் 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1983-இல் அஞ்சல்தலை, 1984-இல் பத்மஸ்ரீ. 1986-இல் வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒரு தோட்டமே அமைத்துக் கொடுத்தார்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். விருது வந்த பிறகுதான் இரண்டாவது ஆபத்து வந்தது. 1980களின் இறுதியில் தோட்டத்தின் ஒரு பகுதி வழியாகச் சாலை போட புல்டோசர்கள் வந்தன. நகரவாசிகள் குறுக்கே நின்றார்கள், வழக்கு நடந்தது, தோட்டம் பிழைத்தது. 1996-இல் அவர் வெளிநாட்டில் இருந்தபோது நிர்வாகம் ஆட்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காவல் இல்லாத இடத்தில் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை உருவாகி, தன்னார்வலர்கள் வந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். 2015-இல், 90 வயதில் அவர் காலமானார். 2025-இல்கூட உயர்நீதிமன்றப் பக்கத்துச் சாலையை அகலப்படுத்துவதற்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். மறுபடி ஊர் கூடி எதிர்த்தது. பத்மஸ்ரீ வாங்கியவரின் படைப்புக்கே இதுதான் நிலை. விருது ஒருமுறை கொடுப்பதோடு முடிந்துவிடும். காவல் தினமும் வேண்டும்.

ரந்தாவா போல ஓர் அதிகாரி கிடைக்காதவர்களுக்கு என்ன ஆகும்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக்குப் போவோம். சைமன் ரோடியா இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. கட்டட வேலை, ஓடு பதிக்கும் வேலை செய்தவர். ரயில் பாதையோரம் ஒரு முக்கோண மனை வாங்கி, 1921-இலிருந்து 1954 வரை தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். இரும்புக் கம்பியை வளைத்து, கம்பி வலை சுற்றி, சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் சிப்பி, ஓடு, சோடா பாட்டில் துண்டுகளைப் பதித்தார். வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை, சாரம் இல்லை. இடுப்பில் ஒரு வார்ப்பட்டையைக் கட்டிக்கொண்டு, தான் கட்டியதன் மேலேயே ஏறி அடுத்த வளையத்தைக் கட்டினார். உயரமானது சுமார் 30 மீட்டர். பக்கத்துப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். போர்க்காலத்தில் அவர் எதிரிக்கு ரேடியோ செய்தி அனுப்புகிறார் என்றுகூடப் புரளி கிளம்பியது. 1955-இல் மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

கலைஞர் போய்விட்டார். இடம் கை மாறியது. பாதுகாப்பற்ற கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. 1959-இல் வில்லியம் கார்ட்ரைட், நிக்கோலஸ் கிங் என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவர் திரைப்படத் தொகுப்பாளர், இன்னொருவர் நடிகர், அந்த மனையை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் இடிப்பு உத்தரவு முழுசாகத் தெரிந்தது. ஒரு குழு சேர்ந்தது. கலை மதிப்பு பற்றிப் பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதையெல்லாம் கட்டடத் துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது கேட்டது ஒன்றே ஒன்று, கோபுரம் விழுமா விழாதா?

அதற்குப் பதில் சொல்ல வந்தவர் பட் கோல்ட்ஸ்டோன் என்ற விமானத் துறைப் பொறியாளர். உயரமான கோபுரத்தில் பக்கவாட்டாக 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் விசை கொடுத்துச் சோதிப்போம், தாங்காவிட்டால் இடித்துக்கொள்ளுங்கள் என்றார். 1959 அக்டோபர் 10. கூட்டம் கூடி நிற்க, கோபுரத்தை இழுக்க ஆரம்பித்தார்கள். கோபுரம் அப்படியே நின்றது. இழுத்த கருவியின் உத்தரம்தான் வளைந்தது. மாநகராட்சி உத்தரவைத் திரும்பப் பெற்றது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒரு மனிதர் கையால் வளைத்த கம்பியின் கணக்கு சரியாக இருந்தது என்று அன்றைக்கு ஊரறிய நிரூபணமாயிற்று. ஆறு வருடம் கழித்து, 1965 ஜூலையில் ரோடியா இறந்தார். அடுத்த மாதமே வாட்ஸ் கலவரம் வெடித்து அந்தப் பகுதி பற்றி எரிந்தது. கோபுரங்களை யாரும் தொடவில்லை. 1990-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. இந்தக் கதையில் கலையைக் காப்பாற்றிய வாக்கியத்தை எழுதியவர் ஒரு பொறியாளர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருகிறேன்.

பிரான்ஸின் ஓதிரீவ் கிராமத்துத் தபால்காரர் பெர்தினான் செவாலின் விஷயம் இவர்களைவிடச் சுலபம். 1879-இல் நடைத் தபால் கொண்டுபோகும்போது ஒரு கல் தடுக்க, அதன் வடிவத்தில் மயங்கி, 33 ஆண்டுகள் கல் சுமந்து ஓர் அரண்மனையைக் கட்டினார். ஊர் சிரித்தது. ஆனால் நிலம் அவருடையது. யாரும் இடிக்க முடியாது. சுவரிலேயே எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று செதுக்கி வைத்தார். தன் கதையையும் தானே எழுதினார். அவர் 1924-இல் இறந்த பிறகு கவிஞர் ஆந்திரே பிரெத்தோனும் ஓவியர் பிக்காசோவும் வந்து பார்த்து வியந்தார்கள். 1969-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மல்ரோ, தன் துறை அதிகாரிகளின் எதிர்ப்பை மீறி, அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார். நிலப் பத்திரமும் எழுத்துப் பதிவும் இருந்ததால் காலம் கடந்து வந்தவர்களுக்கும் வேலை மிச்சமாயிற்று.

வெளியில் நிற்கும் படைப்புக்கு எதிரி புல்டோசர் என்றால், அறைக்குள் இருப்பதற்கு எதிரி வாடகை. ஹென்றி டார்கர் சிகாகோவில் மருத்துவமனைகளில் துப்புரவு வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் செய்தவர். பல பத்தாண்டுகள் ஒரே வாடகை அறை. வயதாகி, 1972-இல் முதியோர் இல்லத்துக்குப் போனார். அறையைக் காலி செய்யப் போனவர்கள் கண்டது தட்டச்சில் 15,000 பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கதையும், அதற்கான நூற்றுக்கணக்கான நீர்வண்ணப் படங்களும். சில படங்கள் மூன்று மீட்டர் அகலம். செய்தித்தாளிலும் விளம்பரத்திலும் வந்த சிறுமிகளின் உருவங்களைப் படியெடுத்து, போரும் புயலும் பூக்களுமாக ஓர் உலகம். வீட்டுக்காரர் நேதன் லெர்னர் ஒரு புகைப்படக் கலைஞர், வடிவமைப்பு கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் அவருக்குக் கை நின்றது. வேறொரு வீட்டுக்காரராக இருந்திருந்தால் அன்று மாலைக்குள் எல்லாம் குப்பைத் தொட்டியில். படங்களைப் பார்த்த பக்கத்து அறைக்காரர் பாராட்டியபோது, இனிமேல் காலம் கடந்துவிட்டது என்று டார்கர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1973-இல் இறந்தார். முதல் கண்காட்சி 1977-இல்.

வாஷிங்டனில் அரசு அலுவலகத் துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் ஹாம்டன் விஷயமும் இப்படியே. வாடகைக் கொட்டகை ஒன்றில் பழைய மேஜை நாற்காலி, மின்விளக்கு, அட்டை இவற்றின் மேல் வெள்ளித் தாளும் தங்கத் தாளும் சுற்றி, கடவுளுக்கு ஒரு சிம்மாசனமும் அதைச் சுற்றிச் சுமார் 180 உருப்படிகளும் செய்திருந்தார். 1964-இல் அவர் இறந்த பிறகு, கொட்டகைக்காரர் கதவைத் திறந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த இரண்டையும் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம். திறக்காமலே காலி செய்யப்பட்ட அறைகள் எத்தனையோ.

காப்பாற்றியவருக்கே எல்லாம் சொந்தமா என்ற கேள்வி இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. டார்கரின் படங்கள் பல ஆண்டுகள் லெர்னர் குடும்பத்தின் கையில்தான் இருந்தன. உலகத்துக்குக் காட்டியதும் அவர்கள்தான். 2022-இல் டார்கரின் தூரத்து உறவினர்கள் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்து யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். பூட்டிவைத்த பெட்டிகளுக்கு வாடகை கட்ட முடியாமல் போக, 2007-இல் ஏலத்தில் விட்டுவிட்டார்கள். ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ்களைச் சில நூறு டாலருக்கு எடுத்தார். மேயர் 2009-இல் இறந்த பிறகு புகழ் பரவியது. கூடவே வழக்கும் வந்தது. நெகட்டிவைக் கையில் வைத்திருப்பது வேறு, அதைப் பிரதி எடுத்து விற்கும் காப்புரிமை வேறு. இந்தியச் சட்டத்திலும் இதே வித்தியாசம் உண்டு. கலைப்படைப்பின் காப்புரிமை கலைஞரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

காப்பாற்றுகிற ஆள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அலபாமாவின் சார்லஸ் ஷானன். பில் டிரேலர் 1853 வாக்கில் ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க வயல் வேலை. எண்பது வயதுக்கு மேல் மான்ட்கோமரி நகரத்துத் தெருவோரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, குப்பையில் கிடந்த அட்டைகளில் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். நாய், கழுதை, பாட்டிலோடு ஆடும் ஆள், தொப்பிக்காரர், விரல் நீட்டிச் சண்டை போடும் பெண். 1939-இல் இளம் ஓவியர் ஷானன் அந்த வழியாகப் போனவர் நின்றார். பிறகு அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்ணமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார். புது வெள்ளை அட்டையும் கொண்டுவந்தார். டிரேலருக்கு அது பிடிக்கவில்லை, கொஞ்சம் பழுக்கட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, மூலை கிழிந்த, கறை படிந்த அட்டையையே எடுத்தார். அந்தக் கறையும் கிழிசலும்தான் அவருக்கு உருவத்தைக் காட்டின. ஷானனுக்கு அது புரிந்தது. தன் அட்டையைத் திணிக்கவில்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஷானன் பத்திரப்படுத்தினார். 1940-இல் உள்ளூரில் ஒரு காட்சி வைத்தார். 1942-இல் நியூயார்க்கிலும் காட்சி நடந்தது. அப்போது நவீனக் கலை அருங்காட்சியகம் படத்துக்கு ஒன்றிரண்டு டாலர் கணக்கில் வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஷானன் விற்க மறுத்துவிட்டார். போருக்கு ஷானன் போன சமயத்தில் டிரேலர் வடக்கே பிள்ளைகள் வீட்டில் இருந்தார். அங்கே வரைந்தவை ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. எடுத்து வைக்க ஆள் இல்லாத வருடங்கள் அப்படியே அழிந்தன. டிரேலர் 1949-இல் இறந்தார். ஷானன் பெட்டிகளை மூடி வைத்துவிட்டு சுமார் 30 ஆண்டுகள் காத்திருந்தார். 1982-இல் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் கலைக்கென ஒரு பெரிய கண்காட்சி நடந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2020 ஏலத்தில் ஒரு படம் 5 லட்சம் டாலரைத் தாண்டியது. நடுவில் டிரேலரின் வாரிசுகள் தங்கள் பங்கு கேட்டு ஷானன் மேல் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஷானன் இல்லாவிட்டால் ஒன்றுமே இருந்திருக்காது என்பதும் அவ்வளவுக்கு உண்மை. டிரேலரின் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் 2018-இல்தான் வைக்கப்பட்டது.

மனநோய் விடுதிகளில் இருந்தவர்களின் கதை தனி. சுவிட்சர்லாந்தில் அடோல்ஃப் வோல்ஃப்லி வரைந்தும் எழுதியும் குவித்ததை அவருடைய மருத்துவர் மோர்கன்தாலர் 1921-இல் புத்தகமாக்கினார். நோயாளியின் பெயரை மறைக்காமல், கலைஞர் என்றே சொல்லி எழுதினார். பிற்பாடு ழான் துபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர் இப்படிப்பட்டவர்களின் படைப்புகளை 1945 முதல் தேடிச் சேர்த்து, லோசான் நகரத்துக்குக் கொடுக்க, 1976-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. மோர்கன்தாலரின் அதே காலத்து ஜெர்மனியில், ஹைடல்பர்க் மருத்துவர் பிரின்ஸ்ஹார்ன் 1922-இல் வெளியிட்ட நூலில் பெரிதாகப் போற்றப்பட்டவர்களில் ஒருவர் பிரான்ஸ் கார்ல் பியூலர் என்ற இரும்புக் கலைஞர். நூலில் அவருக்குப் புனைபெயர். நாஜிகள் பின்னாளில் அந்தத் தொகுப்பிலிருந்த படங்களை, நவீன ஓவியர்களை இழிவுபடுத்தும் கண்காட்சியில் பக்கத்தில் மாட்டினார்கள். பியூலரை 1940-இல் கொன்றார்கள். படம் புகழ்பெற்றதால் அவர் உயிர் பிழைக்கவில்லை.

நம் நாட்டில் ஜன்கர் சிங் ஷ்யாமை நினைக்காமல் இதை முடிக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமம், பர்தான் கோண்டு சமூகம். அவர்கள் பரம்பரையாகப் பாடகர்கள், ஓவியர்கள் அல்ல. 1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தை அமைத்துக்கொண்டிருந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர், கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பித் தேடியபோது ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் கண்ணில் பட்டது. வரைந்தவர் இருபது வயதுகூட நிரம்பியிராத ஜன்கர். சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துவந்து காகிதமும் வண்ணமும் கொடுத்தார். எப்படி வரைய வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. புள்ளியும் சிறு கோடுமாக அவர் கண்டெடுத்த பாணியை இன்று அவருடைய ஊரே வரைகிறது. 1989-இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் உலகப் புகழ் பெற்ற கண்காட்சி ஒன்றில் இடம் கிடைத்தது. 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குத் திரும்ப ஏங்கிக் கடிதம் எழுதியவர், அங்கேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. சுவாமிநாதன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் இல்லாத பிறகு, அந்த வெளிச்சத்தில் நிற்பவரைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம் கலை உலகம் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது உங்கள் பெரியப்பாவுக்கு வருகிறேன். அந்த இன்னொரு ஆள் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் என்ன செய்யலாம் என்று தெளிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீடு யார் பெயரில் இருக்கிறது, கொல்லைப்புறம் பட்டா நிலமா புறம்போக்கா என்று பாருங்கள். வீடு கூட்டுச் சொத்து என்றால் நாளைக்குப் பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ சிற்பங்கள்தான் முதலில் இடிபடும். செய்த பொருள்கள் யாருக்கு, காப்புரிமை யாருக்கு என்று அவர் விருப்பப்படி உயிலிலேயே தனித்தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பதிவு. ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படமெடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. மாடி முழுவதையும் சேர்த்தும் எடுங்கள். அவர் நிறுத்தியிருக்கும் வரிசையும் படைப்பின் பகுதிதான். எந்த வருடம் செய்தது, அந்த இன்சுலேட்டர் எந்த லைனிலிருந்து கழற்றிப் போட்டது, அந்த மனித உருவம் யார் என்று அவரைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர் இருக்கும்போதே இதைச் செய்ய முடிவது பெரிய பாக்கியம். டார்கரிடமும் ஹாம்டனிடமும் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை.

நல்லெண்ணத்தில் எனாமல் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடாதீர்கள். தேய்த்துக் கழுவவும் வேண்டாம். சிமெண்டில் விரிசல் விட்டு உள்கம்பிக்குத் தண்ணீர் போனால் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டைப் பிளந்துவிடும். அந்த விரிசல்களை மட்டும் குறித்து வைத்து, அவரிடமே காட்டி, அவர் கையாலேயே அடைக்கச் சொல்லுங்கள். நல்ல பொருள் வாங்கித் தருகிறேன் என்று போகும்போது டிரேலரின் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் காட்டுவது என்றால், வியாபாரியிடம் தொடங்காதீர்கள். நல்லதாக நாலு உருப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சம் அநாதையாகிவிடும். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் சிற்பத் துறை ஆசிரியர்களுக்குப் படங்களோடு கடிதம் எழுதி, வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். மாணவர்களோடு வந்தால் இன்னும் நல்லது. இளைஞர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஊர் தன்னுடையது என்று நினைக்கத் தொடங்கினால்தான் நாளைக்கு ஒரு நாள் சண்டிகர்க்காரர்கள் போல யாராவது குறுக்கே நிற்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பெரியப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு இது வேண்டுமா என்று. நாலு பேர் வந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வேலை கெடும் என்று நினைக்கலாம். வேண்டாம் என்றால் படமும் ஒலிப்பதிவும் எடுத்துப் பத்திரமாக வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு காரியத்துக்கு அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இத்தனை சிமெண்டும் பீங்கானும் மொட்டை மாடித் தளத்தின் மேல் நிற்கின்றன. கோல்ட்ஸ்டோன் போல ஒரு பொறியாளர் உங்களுக்கும் வேண்டும். தளம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த உருவங்களைச் சுவர் அல்லது உத்தரத்துக்கு நேர் மேலே நகர்த்த வேண்டும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதையும் அந்தப் படங்களோடு சேர்த்து வையுங்கள்.